வழியும் விடையும்: பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக் கணிதத்தில் எழுத்துவழித் தீர்வின் வரலாறு

முன்னுரை

பத்துமலையின் வரலாற்றைப் பேசுவோர் முதலில் குறிப்பிடும் பெயர் கா. தம்புசாமிப் பிள்ளை. அக்குகையில் 1891ஆம் ஆண்டளவில் முருகன் வழிபாடு நிலைபெறவும், 1892இல் தைப்பூச விழா தொடங்கவும் காரணமாயிருந்தவர் அவர். அவரே 1893இல் கோலாலம்பூரில் நிறுவப்பெற்ற விக்டோரியா கல்விக்கூடத்தின் தொடக்ககால அறங்காவலருள் ஒருவராகவும் விளங்கினார் என்பது அத்துணை விரிவாகப் பேசப்படுவதில்லை. கேம்பிரிட்ஜ் தேர்வுக்கு மாணவர்களை ஆயத்தம் செய்த ஆங்கிலப் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே பத்துமலையில் கோயில் கண்ட தலைமுறையே, இந்நகரத் தமிழர்க்குத் தேர்வு மண்டபத்தின் வாயிலையும் காட்டியது எனலாம்.

அம்மண்டபத்தில் மாணவர் எழுதிய கணிதத் தாளே இக்கட்டுரையின் பொருள். இன்றும் பத்துமலை, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரங்களில் மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள் ஒரு வினாவை அடிக்கடி எதிர்கொள்கின்றனர். "விடை சரியாகத்தானே இருக்கிறது ஐயா, ஏன் முழுப்புள்ளி இல்லை?" என்பதே அவ்வினா. "வழியை எழுதவில்லை" என்பது வழக்கமான மறுமொழி. மறுமொழி உண்மையே, எனினும் அது வினாவை முடித்து வைப்பதில்லை. வழியை ஏன் எழுத வேண்டும், யாருக்காக எழுத வேண்டும், எம்மொழியில் எழுத வேண்டும் என்னும் வினாக்கள் எஞ்சி நிற்கின்றன. இவற்றுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண இக்கட்டுரை முற்படுகிறது. எழுத்துவழித் தீர்வு என்பது கணக்கின் பகுதியாக இருக்கும் அளவுக்கு மொழியின் பகுதியாகவும் இருக்கிறது என்பதும், அம்மொழியைக் கற்பிக்கும் பொறுப்பில் தமிழாசிரியர்க்கும் பங்குண்டு என்பதும் இங்கு நாம் நிறுவ விழையும் கருத்துகளாகும்.

திண்ணையும் மனக்கணக்கும்

தமிழரிடம் கணித மரபு நெடுங்காலமாக இருந்து வந்துள்ளது. எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம், குழிமாற்று முதலிய வாய்பாட்டுச் சுவடிகள் திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்டன. முந்திரி என்பது 320இல் ஒன்று. காணி என்பது 80இல் ஒன்று. மா என்பது 20இல் ஒன்று. இவ்வாறு அமைந்த கீழ்வாய் இலக்கங்களைச் சிறுவர் மனனம் செய்தனர். ஆசிரியர் வாய்மொழியாகக் கணக்கைக் கூறுவார். மாணவர் மனத்தில் செய்து விடையை உரக்கக் கூறுவர். மனக்கணக்கு என்னும் சொல் இம்முறையின் இயல்பை நன்கு காட்டுகிறது.

இம்முறையில் வழியை எழுத வேண்டிய தேவை எழவில்லை. ஆசிரியர் எதிரே அமர்ந்திருக்கிறார். ஐயம் தோன்றினால் அக்கணமே மறுவினா எழுப்புகிறார். விடையின் நம்பகத்தன்மைக்கு மாணவரின் குரலும் ஆசிரியரின் செவியுமே சான்று.

காரிநாயனாரின் கணக்கதிகாரம் முதலிய நூல்களில் இம்மரபின் வளர்ந்த நிலையைக் காண்கிறோம். அங்கு விதி செய்யுளாக வருகிறது. அதனைத் தொடர்ந்து எடுத்துக்காட்டுக் கணக்கும் செய்யும் முறையும் விடையும் வருகின்றன. பலாப்பழத்தை அறுக்காமலே சுளைகளை எண்ணும் கணக்கு பலரும் அறிந்தது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்க வேண்டும். 100 முட்கள் எனில் 120 சுளைகள். செய்முறை தெளிவாக இருக்கிறது. ஆனால் ஏன் 6, ஏன் 5 என்பதற்கு விளக்கம் இல்லை. விதி ஆசிரியரின் வாக்காக ஏற்கப்படுகிறது. நிலம் அளப்போர்க்கும் நெல் அளப்போர்க்கும் வேண்டியது பயன்படும் விதியே. அதனை இந்நூல்கள் செம்மையாக வழங்கின. ஆகவே இதனைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. எனினும் செய்முறை வேறு, காரணம் காட்டல் வேறு என்னும் வேறுபாட்டை நாம் மனங்கொள்ள வேண்டும்.

காரணம் காட்டும் மரபு நம் அண்டைப் புலத்திலும் இருந்தது. 1530ஆம் ஆண்டளவில் ஜ்யேஷ்டதேவர் மலையாள உரைநடையில் இயற்றிய யுக்திபாஷை, கணித முடிவுகளுக்கான காரணங்களைப் படிப்படியாக விளக்குகிறது. தாய்மொழி உரைநடையில் நிறுவல் எழுத இயலும் என்பதற்கு அது 16ஆம் நூற்றாண்டுச் சான்றாகும்.

கடல் கடந்த விடைத்தாள்

எழுத்துவழித் தீர்வைத் தேர்வின் நடுவே நிறுத்திய மரபு கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. 18ஆம் நூற்றாண்டில் அங்கும் வாய்மொழி வாதமே தேர்வில் முதன்மை பெற்றிருந்தது. அந்நூற்றாண்டில் எழுத்துத் தேர்வு படிப்படியாக அதன் இடத்தைப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அச்சிட்ட வினாத்தாளும் மாணவர் தனித்து எழுதும் விடைத்தாளும் நிலைபெற்றன. 1858இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்க்கான வட்டாரத் தேர்வுகளைத் தொடங்கியது. 1860களில் அவை கடல் கடந்தன. 1890களில் நீரிணைக் குடியேற்றங்களிலும் நடைபெற்றன.

இம்மாற்றத்தின் விளைவை நாம் நுணுகி நோக்க வேண்டும். மலாயாவில் எழுதப்பெற்ற விடைத்தாள் கப்பலேறி இங்கிலாந்து சென்றது. அதனைத் திருத்தியவர் மாணவரின் முகத்தை அறியார், குரலைக் கேளார், மறுவினா எழுப்ப இயலாதவர். திண்ணையில் ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து தாங்கிய சுமை முழுவதையும் இங்கே தாள் ஒன்றே தாங்க வேண்டியிருந்தது. மாணவர் எவ்வாறு சிந்தித்தார் என்பதைத் தாளில் உள்ளது மட்டுமே கூறவல்லது. வழியை எழுதுக என்னும் கட்டளையின் வரலாற்றுக் காரணம் இங்குதான் உள்ளது.

இம்மரபு புள்ளியிடும் முறையையும் வகுத்தது. வழிமுறைக்கு ஒரு புள்ளி, துல்லியமான விடைக்கு ஒரு புள்ளி எனப் பிரித்து வழங்கும் வழக்கம் கேம்பிரிட்ஜ் மரபுத் தேர்வுகளில் பரவியது. இடையில் ஒரு கூட்டல் பிழை நேர்ந்தாலும், மேற்கொண்ட வழி சரியெனில் அதற்குரிய புள்ளி மாணவர்க்குக் கிட்டும். மலேசியாவின் எஸ்.பி.எம். கணிதத்திலும் இப்பகுப்பைக் காண்கிறோம். அங்கு வழிமுறையையும் மதிப்பையும் குறிக்கும் மலாய்ச் சொற்களின் முதலெழுத்துகள் குறியீடுகளாயின. முக்கியமான படிகளைக் காட்டுமாறும் அது புள்ளி பெற உதவக்கூடும் என்றும் வினாத்தாளே மாணவர்க்கு அறிவுறுத்துவதை ஆசிரியர்கள் அறிவர். வழியை எழுதுதல் மாணவரை வருத்தும் சடங்கன்று. பிழை செய்தவருக்கும் நீதி வழங்கும் ஏற்பாடு என்பதனை இதனால் உணரலாம்.

யாழ்ப்பாணமும் கும்பகோணமும்

எழுத்துத் தேர்வு தமிழரை எவ்வாறு தொட்டது என்பதற்கு இரு வரலாறுகளை இங்கு நினைவுகூரலாம்.

முதலாவது யாழ்ப்பாணத்தது. 1857இல் நிறுவப்பெற்ற சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக சி. வை. தாமோதரம் பிள்ளையும் கறல் விசுவநாத பிள்ளையும் போற்றப்படுகின்றனர். தாமோதரம் பிள்ளையை நாம் கலித்தொகையின் பதிப்பாசிரியராக அறிவோம். விசுவநாத பிள்ளையோ 1855ஆம் ஆண்டளவில் வீசகணிதம் என்னும் இயற்கணித நூலைத் தமிழில் வெளியிட்டவர். ஆங்கிலத்தில் தேர்வெழுதும் ஆற்றல் பெற்றவர், தமிழிலும் இயற்கணிதத்தை எழுதிக் காட்டினார். இரண்டும் ஒன்றுக்கொன்று தடையாகவில்லை.

இரண்டாவது கும்பகோணத்தது. சீனிவாச இராமானுசன் இளமையில் பயின்ற கார் என்பாரின் நூல், கேம்பிரிட்ஜ் தேர்வு மாணவர்க்காகத் தொகுக்கப்பெற்ற தேற்றங்களின் பட்டியல். ஆயிரக்கணக்கான முடிவுகள் அதிலுண்டு. நிறுவல்களோ மிகச் சுருக்கமானவை அல்லது இல்லாதவை. இராமானுசனின் குறிப்பேடுகளும் பெரும்பாலும் அவ்வடிவிலேயே அமைந்தன. தாளின் விலை கருதி அவர் கற்பலகையில் கணக்கிட்டு, முடிவை மட்டும் ஏட்டில் எழுதினார். எஃப்.ஏ. தேர்வில் அவர் தோல்வியுற்றமைக்குக் கணிதம் காரணமன்று. பிற பாடங்களே காரணம். ஆயினும் 1913 சனவரியில் அவர் ஹார்டிக்கு மடல் வரைந்தபோது, ஹார்டி அவரிடம் வேண்டியது நிறுவல்களையே. அக்குறிப்பேடுகளின் முடிவுகளுக்கு நிறுவல் காணும் பணியைப் புரூஸ் பெர்ன்ட் 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். எழுதாமல் விடப்பட்ட வழியை மீட்பதற்கு அறிஞர்களின் பல்லாண்டு உழைப்பு வேண்டியிருந்தது. இராமானுசனும் வழியை எழுதவில்லையே என வாதிடும் மாணவர்க்கு இவ்வரலாற்றை முழுமையாகக் கூறுதல் நன்று.

உயர்நிலைச் சான்றிதழிலிருந்து எஸ்.டி.பி.எம். வரை

மலாயாவில் தமிழ்க்கல்வியின் எல்லை தொடக்கப்பள்ளியோடு நின்றது. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் தோட்டங்களில் தமிழ்ப்பள்ளிகள் பெருக வழி செய்தது; ஆயின் தமிழ்வழி இடைநிலைப்பள்ளி உருவாகவில்லை. இதனால் பல்கலைக்கழக நுழைவுக்குரிய கணிதம் இந்நாட்டில் தமிழில் எழுதப்பெறும் வாய்ப்பு ஒருபோதும் ஏற்படவில்லை.

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1962இல் கோலாலம்பூரில் அது தனிப்பல்கலைக்கழகமாயிற்று. அக்காலத்தில் அதன் வாயிலாக அமைந்தது கேம்பிரிட்ஜ் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ்த் தேர்வு. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுதோறும் ஒவ்வொரு வகுப்பாக மலாய்வழிக்கு மாறின. 1980இல் மலேசியத் தேர்வு மன்றம் சட்டத்தின்வழி அமைக்கப்பெற்று, 1982இல் முதல் எஸ்.டி.பி.எம். தேர்வை நடத்தியது. விடைத்தாள் இனிக் கடல் கடக்கவில்லை; எனினும் தேர்வாளர் முகமறியாதவராகவே இருந்தார். வழியைக் காட்டும் கடமையும் நீங்கவில்லை.

2012இல் எஸ்.டி.பி.எம். மூன்று பருவ முறைக்கு மாறியது. கணிதம் (டி) பாடத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்றரை மணி நேரத் தாள் ஒன்று வகுக்கப்பட்டது. முதற்பகுதி வினாக்கள் அனைத்துக்கும், இரண்டாம் பகுதியின் இரு வினாக்களுள் ஒன்றுக்கும் விடை எழுத வேண்டும். தேவையான செய்முறை அனைத்தையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்பது அத்தாளின் விதிகளுள் ஒன்று. பள்ளியில் செய்து எழுத்தறிக்கையாக அளிக்கும் பணியும் மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டது. ஆகவே எழுதி விளக்கும் ஆற்றலின் இடம் சுருங்கவில்லை; விரிந்துள்ளது.

மும்மொழிப் பயணம்

பத்துமலைத் தமிழ்ப்பள்ளி போன்ற ஒரு பள்ளியில் கல்வியைத் தொடங்கும் மாணவரின் பாதையை எண்ணிப் பார்ப்போம். அவர் 'கணிதத் தொடர்', 'பிரச்சினைக் கணக்கு' என்னும் சொற்களோடு தமிழில் எண் கற்கிறார். இடைநிலைப்பள்ளியில் அதே செயல் மலாயில் 'ஜாலான் கிரா' ஆகிறது. ஆறாம் படிவத்திலும் பல்கலைக்கழகத்திலும் ஆங்கிலக் கலைச்சொற்கள் வந்து சேர்கின்றன. எண்கள் மூன்று மொழிக்கும் பொது, குறியீடுகளும் பொது. ஆனால் ஒரு படியையும் அடுத்த படியையும் இணைக்கும் சொற்கள் பொதுவானவை அல்ல. மொழி மாறுந்தோறும் மாணவர் இழப்பது இவ்விணைப்புச் சொற்களையே. முடிவில் அவர் தாளில் சமன்பாடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. அவற்றிடையே உறவு கூறும் சொல் ஒன்றும் இல்லை.

மொழிக்கொள்கையின் மாற்றங்கள் இவ்விடர்ப்பாட்டை மிகுவித்தன. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட வேண்டும் என்னும் கொள்கை முதலாம் ஆண்டு, முதலாம் படிவம், கீழ் ஆறாம் படிவம் ஆகிய வகுப்புகளில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்ப்பள்ளிகளும் இதற்கு உட்பட்டன. அவ்வாண்டு முதலாம் ஆண்டில் சேர்ந்தோர் 2008இல் யு.பி.எஸ்.ஆர். எழுதினர். 2009 சூலையில் அக்கொள்கையைக் கைவிடும் முடிவு அறிவிக்கப்பெற்றது. அதன்பின் தமிழ்ப்பள்ளிக் கணிதம் படிப்படியாகத் தமிழுக்கு மீண்டது. 2016இல் தொடங்கப்பெற்ற இருமொழித் திட்டம் சில தமிழ்ப்பள்ளிகளிலும் இடம்பெற்று, மீண்டும் விவாதத்தை எழுப்பியது. இவ்விவாதங்களில் எம்மொழி என்னும் வினாவே பெரிதும் பேசப்பட்டது. அம்மொழியில் மாணவர் காரணம் எழுதக் கற்கின்றனரா என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை என்பது நம் கருத்து.

மற்றொரு மாற்றமும் கருதத்தக்கது. யு.பி.எஸ்.ஆர். 2021இலும், பி.டி.3 தேர்வு 2022இலும் நீக்கப்பட்டன. சிறார் மீதிருந்த தேர்வுச் சுமை குறைந்தமை வரவேற்கத்தக்கதே. ஆயின் அதன்பின் வந்த மாணவர்க்கு, நாடு தழுவிய பொதுத்தேர்வில் முகமறியாத் தேர்வாளர் ஒருவருக்காகக் கணக்கின் வழியை எழுதும் அனுபவம் 17 வயதில் எஸ்.பி.எம். தேர்வில்தான் கிட்டும் நிலை உருவாயிற்று. அதற்கு முன் அப்பயிற்சியை வழங்குவது பள்ளியின் பொறுப்பாகிறது.

ஒரு கணக்கு

கூறியதனை விளக்க எளிய கணக்கொன்றை எடுத்துக்கொள்வோம். ஓர் எண்ணுடன் 3ஐக் கூட்டி வர்க்கமூலம் காண்கிறோம்; அவ்வெண்ணிலிருந்து 3ஐக் கழித்தாலும் அதே மதிப்புக் கிடைக்கிறது. அவ்வெண் யாது?

இருபுறமும் வர்க்கப்படுத்திச் சுருக்கினால் இருபடிச் சமன்பாடு ஒன்று கிடைக்கும். அதன் மூலங்கள் 6, 1 ஆகிய இரண்டு. பல மாணவர் இவ்விரண்டையும் எழுதி முடித்துவிடுவர். 6 பொருந்துகிறது: 9இன் வர்க்கமூலம் 3, 6இலிருந்து 3ஐக் கழித்தாலும் 3. ஆனால் 1 பொருந்தாது: 4இன் வர்க்கமூலம் 2, 1இலிருந்து 3ஐக் கழித்தால் கிடைப்பது குறை 2. எனவே விடை 6 மட்டுமே.

இங்குப் பிழை கணக்கீட்டில் நேரவில்லை, மொழியில் நேர்ந்தது. இரு மதிப்புகள் சமம் எனின் அவற்றின் வர்க்கங்களும் சமம். ஆனால் வர்க்கங்கள் சமம் எனின் மதிப்புகளும் சமம் என்னும் மறுதலை எப்போதும் உண்மையாகாது. 'எனின்' என்னும் சொல்லின் திசையை அறிந்த மாணவர், தாம் பெற்ற எண்களைத் திரும்பச் சோதிப்பார். '1 பொருந்தாது, ஏனெனில்' என ஒரு வரி எழுதுவார். அவ்வொரு வரியே அவர் சிந்தித்தார் என்பதற்குச் சான்று. நாம் கண்ட மாணவர் ஏடுகளில் மிகுதியாக விடுபட்டிருப்பது இத்தகைய வரியே. சிலர் 1ஐ அடித்துவிட்டு 6ஐ மட்டும் எழுதியிருப்பர். ஏன் அடித்தார் எனத் தாள் கூறாது.

வழி வாசிக்கப்படாத தேர்வுகள்

எழுத்துவழித் தீர்வைக் கைவிட்ட தேர்வுகளும் உண்டு. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களின் நுழைவுத் தேர்வில் 2005 வரை முதற்கட்ட வடிகட்டலுக்குப் பின் விரித்தெழுதும் முதன்மைத் தேர்வு நடைபெற்றது. 2006 முதல் அது முற்றிலும் விடை தெரிவு செய்யும் தேர்வாக மாறியது. பேரளவினர் எழுதும் தேர்வில் விரைவும் சீர்மையும் இதனால் கிட்டும். ஆனால் சரியான வழியில் சென்று இறுதியில் சறுக்கியவரும், ஊகத்தால் குறியிட்டுத் தவறியவரும் அங்கு ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர்.

மறுபுறம், வழியைப் படிப்பவர் மனிதராக இருப்பதால் எழும் இடரையும் மறைத்தலாகாது. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கான தேர்வு சிங்களம், தமிழ் ஆகிய மொழிகளில் எழுதப்பட்டபோது, தமிழ்வழித் தேர்வாளர் தாராளமாகப் புள்ளி வழங்குகின்றனர் என்னும் குற்றச்சாட்டு எழுப்பப்பட்டது. 1971ஆம் ஆண்டு அனுமதியில் தமிழ்வழி மாணவர்க்கு உயர்ந்த வெட்டுப்புள்ளி விதிக்கப்பட்டது. 1973இல் மொழிவாரித் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. இவற்றின் துயர விளைவுகளை நாம் அறிவோம். தாளின் மீதான நம்பிக்கை குலையும்போது தலைமுறைகளின் வாழ்வே குலைகிறது.

எனினும் அதே இலங்கையில், கல்விப் பொதுத் தராதர உயர்தர இணைந்த கணிதத் தேர்வு இன்றும் தமிழில் எழுதப்படுகிறது. 'எனக் காட்டுக', 'நிறுவுக', 'உய்த்தறிக' என்னும் ஏவல்கள் அவ்வினாத்தாளில் இயல்பாக வழங்குகின்றன. 'காட்டுக' என்பதற்கும் 'உய்த்தறிக' என்பதற்கும் உள்ள வேறுபாடு மாணவர் அறிந்தது. பின்னதில் முன்பெற்ற முடிவைப் பயன்படுத்தியாக வேண்டும். பல்கலைக்கழக நுழைவு நிலையிலும் காரணத்தொடர் எழுதத் தமிழ் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

முடிவுரை

மலேசியாவில் எஸ்.டி.பி.எம். கணிதத்தைத் தமிழில் எழுத வேண்டும் என நாம் கோரவில்லை. நாம் வலியுறுத்துவது அதனினும் எளியது. காரணம் எழுதும் பழக்கம் எம்மொழியில் முதலில் வேரூன்றுகிறதோ, அம்மொழியிலிருந்தே பிற மொழிகளுக்குப் பெயரும். தமிழ்ப்பள்ளி மாணவர்க்கு அம்முதல் மொழி தமிழே. 'ஆகவே', 'ஏனெனில்', 'எனின்', 'மாறாக', 'அதாவது' என்பவற்றைச் சரியான இடத்தில் எழுதப் பழகிய சிறுவர், மலாயிலும் ஆங்கிலத்திலும் அவற்றுக்கு நிகரான சொற்களைத் தேடிக்கொள்வர். பழகாதவர் எம்மொழியிலும் எண்களை மட்டுமே அடுக்குவர்.

இச்சொற்களைக் கற்பிப்பவர் கணித ஆசிரியர் மட்டுமல்லர். வாக்கியத் தொடர்பும் இடைச்சொல்லும் தமிழாசிரியரின் புலம். கட்டுரை வகுப்பில் ஒரு நாளேனும் மாணவர் தாம் செய்த கணக்கொன்றை, அதனைச் செய்யாத தோழர் படித்துப் புரிந்துகொள்ளுமாறு முழு வாக்கியங்களில் எழுதட்டும். தோழர் ஐயுறும் இடமே வழி விடுபட்ட இடம். கணித ஆசிரியரும் தமிழாசிரியரும் அவ்வேட்டைச் சேர்ந்து திருத்தலாம். இதற்குப் புதிய பாடத்திட்டமோ பெரும்பொருளோ வேண்டியதில்லை.

திண்ணையில் மாணவர் அருகே ஆசிரியர் இருந்தார். தேர்வு மண்டபத்தில் அவர் இல்லை. அவர் இல்லாத இடத்தில் மாணவருக்காகப் பேசுவது அவர் எழுதும் அச்சில வரிகளே. அவற்றை எழுதக் கற்பித்து அனுப்புவது நம் கடன்.